வாட்டர் பம்புக்குள் போன கல்யாணப் பத்திரிகை

கூட்டாளி,

இன்று காலை கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் பழைய டிராக்டரின் வாட்டர் பம்பைக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்தார். வண்டிக்கு நம் இருவரையும்விட வயது ஜாஸ்தி. உள்ளே புஷ் தேய்ந்து, ஸ்பிண்டில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டையும் லேத்தில் புதிதாகக் கடைந்து முடித்துவிட்டு, மூடிக்கு பேக்கிங் வெட்ட ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தேன். தட்டத் தட்ட, அட்டை மூலையில் தடவியிருந்த மஞ்சளும் என் கை கிரீஸும் கலந்து ஒரு வாசனை எழுந்தது. அது உன் சட்டையின் வாசனை. சுத்தியலை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

கச்சிராயபாளையத்தில் நாம் பட்டறை போட்ட நாள் முதல், எந்தக் கடையிலும் கிடைக்காத பாகம் நம்மைத் தேடித்தான் வந்தது. இரும்பு வேலை எனக்கு, காகித வேலை உனக்கு. இரண்டு இரும்புக்கு நடுவே தண்ணீர் கசியாமல் வைக்கிற பேக்கிங்குக்குக் கடைத் தாளைவிடப் பத்திரிகை அட்டைதான் உசத்தி என்று நீ அடித்துச் சொல்வாய். மூடியின் மேல் அட்டையை வைத்து ஓரமாகத் தட்டுவாய். இரும்பின் விளிம்பே அட்டையை வெட்டிவிடும். போல்ட் துளைக்கு ஒரு பேரிங் குண்டை வைத்து ஒரே தட்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாராவது பளபளப்பான மெல்லிய பத்திரிகை கொண்டுவந்தால், "இது இன்னாத்துக்கு ஆவும்?" என்று அவர்கள் எதிரிலேயே கேட்டு என் மானத்தை வாங்குவாய்.

அந்த ஆவணி மாதத்தை நீயும் மறந்திருக்க மாட்டாய். எலவனாசூர்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா, என் பெண்ணை அவள் மகனுக்குக் கொடுக்கவில்லை என்று ஆறு வருடமாக என்னோடு பேசவில்லை. பெண்ணுக்கு இஷ்டமில்லை, நான் என்ன செய்ய? அக்கா மகளுக்குக் கல்யாணம் என்று காதில் விழுந்தது. பத்திரிகை வந்தால் போவேன், வராவிட்டால் போவதில்லை என்று வீட்டில் வீறாப்பாகச் சொல்லிவிட்டு, தினமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாய்மாமன் பட்டம் கட்டாமல் அந்தக் கல்யாணம் நடந்துவிட்டால், பிறகு இந்த ஜென்மத்தில் அக்கா வீட்டுப் படியை நான் மிதிக்க முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை மேசையைக் கூட்டும்போது, பேக்கிங் வெட்டி மிஞ்சிய வட்டத் துண்டு ஒன்று கிடைத்தது. அதில் 'தாய்மாமன்' என்றும், அதற்குக் கீழே என் பெயரும் இருந்தது. எனக்கு இருப்பது ஒரே அக்கா, அவளுக்கு ஒரே பெண்.

நீ தலையைச் சொறிந்தாய். திங்கட்கிழமை டவுன் பஸ் கண்டக்டர் கையில் அக்கா பத்திரிகையைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். நான் கள்ளக்குறிச்சிக்கு இரும்பு வாங்கப் போயிருந்தேன். நான் வந்ததும் கொடுக்கலாம் என்று மேசையில் வைத்தவன், டிராக்டரோடு வந்த களமருதூர்க்காரர் அவசரப்படுத்த, கைக்குக் கிடைத்த கெட்டி அட்டையை வெட்டி அவர் வண்டியில் வைத்து அனுப்பிவிட்டாய். மேலட்டையையும் மிச்சத் துண்டுகளையும் அடுப்பு பற்றவைக்க யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். நான் போட்ட கூச்சல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். சொந்தத்தில் யாருக்காவது போன் போட்டுத் தேதி கேட்கலாம் என்றால், தாய்மாமனுக்கே நாள் தெரியவில்லை என்று ஊர் சிரிக்கும். நீ ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு பைக்கில் ஏறினாய், நான் பின்னால் உட்கார்ந்தேன்.

களமருதூர்க்காரர் வயலில் உழுதுகொண்டிருந்தார். நன்றாக ஓடுகிற வண்டியைப் பிரிக்க வேண்டும் என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? நீ கெஞ்சி, ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, மூடியைக் கழற்றினாய். கிரீஸ் தடவி வைத்திருந்ததால் பேக்கிங் கிழியாமல் வந்தது. தேதி இருந்த இடத்தில் சரியாக ஒரு போல்ட் துளை. ஆனால் 'ஆவணி' இருந்தது, 'ஞாயிற்றுக்கிழமை' இருந்தது, மண்டபத்தின் பெயரும் இருந்தது. அந்த ஆவணியில் மிச்சமிருந்த ஞாயிறு ஒன்றே ஒன்றுதான்: நாளை மறுநாள். வரப்பிலேயே நான் உன்னைக் கட்டிக்கொண்டேன். களமருதூர்க்காரருக்குப் பதில் பேக்கிங் வெட்ட நீ பையிலிருந்து இன்னொரு பத்திரிகையை எடுத்ததும் அவர் தடுத்தார்.

"யாரு வூட்டுக் கல்யாணம்னு முழுசா படிச்சிட்டு வெட்டுங்க. இன்னொரு வாட்டி நான் தண்ணி எறக்க மாட்டேன்."

நீ சேற்றில் நின்றுகொண்டு அச்சகத்தின் பெயர் வரை உரக்கப் படித்தாய். அன்றிலிருந்து கடைசி நாள் வரை, படிக்காமல் எதையும் நீ வெட்டியதில்லை.

ஞாயிறு விடியற்காலை மண்டப வாசலில் அக்கா நம்மைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் சீர்த் தட்டின் மேல், பழத்துக்கும் பூவுக்கும் நடுவே, அந்த எண்ணெய் பிடித்த வளையத்தை நீ எடுத்து வைத்தாய்.

"அக்கா, தப்பு என்னுதுங்க. உங்க தம்பி இத கண்ணாலயே பாக்கல. நாலு நாளா இது களமருதூர்ல உழுதுக்கினு இருந்துச்சு."

அக்கா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். துளை வழியாக உன்னைப் பார்த்தாள், பிறகு என்னை.

"எம் பொண்ணு பத்திரிகையில வடை சுட்டுக்கினு வந்துகிறீங்களாடா?"

சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடத்துக்குப் பிறகு அவள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். நகக்கண்ணில் கரி போகாத இந்தக் கையால்தான் மருமகள் நெற்றியில் பட்டம் கட்டினேன். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் வேறெந்த நாளிலும் பட்டதில்லை. பந்தியில் உன் இலையில் மட்டும் வடை வைக்கக் கூடாது என்று அக்கா உத்தரவு போட்டதும், பிறகு அவளே நாலு கொண்டுவந்து வைத்ததும் தனிக்கதை. அதன்பின் அவள் ஊரில் முடிந்த கல்யாணங்களின் பத்திரிகையெல்லாம் கட்டுக்கட்டாக அதே கண்டக்டர் கையில் உனக்கு வந்துகொண்டிருந்தது.

நீ போன பத்தாம் நாள் உன் கருமாதிப் பத்திரிகை பட்டறைக்கு வந்தது. நல்ல கெட்டி அட்டை. உன் மகனிடம் நீயே சொல்லிவிட்டுப் போனாயோ என்னவோ. படித்ததும் கிழித்துப் போட வேண்டும், வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது வழக்கம். எனக்குக் கை வரவில்லை. பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். துக்கம் கேட்க வந்திருந்த அக்கா அதை வாங்கிப் படித்தாள், கனத்தைத் தடவிப் பார்த்தாள்.

"வூட்லதான்டா வெக்கக் கூடாது. டிராக்டர்ல வெச்சா இன்னா?"

பட்டறையில் கரும்பு ஏற்றும் பழைய டிராக்டர் ஒன்று வாட்டர் பம்ப் கழன்று நின்றிருந்தது. உன் பத்திரிகையை அச்சகத்தின் பெயர் வரை உரக்கப் படித்தேன். உன் பெயர் மேல் துளை விழாதபடி அட்டையை இரண்டு முறை திருப்பி வைத்துத் தட்டினேன். அக்கா மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இப்போது அந்த வண்டி லோடு ஏற்றிக்கொண்டு பட்டறையைத் தாண்டும்போதெல்லாம், வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து பார்க்கிறேன். இதுவரை ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.