ஜெனோவாவிலிருந்து நைனாவுக்கு வந்த கார்டு

என் ஆசை அண்ணா,

நீ உயிரோடு இருந்தவரை உனக்கு ஒரு வரி எழுதாதவள், இப்போது பேத்தியைத் தூங்க வைக்கிற வேலைகூட இல்லாமல் சித்தூர் வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன். சிரிக்கிறாயா? சிரித்துக்கொள், உனக்கு இல்லாத உரிமையா. இந்தக் கடிதத்தைச் சபைப் பத்திரிகையில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். உன்னை நாலு பேர் முன்னால் திட்டினவள், நாலு பேர் பார்க்கத்தான் மன்னிப்பும் கேட்க வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. நம் பிரிசில்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. எட்டு வயசு வரைக்கும் உன் தோளை விட்டு இறங்காதவள் இன்றைக்கு ஒரு பிள்ளைக்குத் தாய். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் வேலை எந்த ஊரில் தெரியுமா? இத்தாலியில், ஜெனோவாவில்.

அந்தப் பேரைக் கேட்டதுமே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஒலகத்துல வேற ஊரே கெடைக்கலியாடி உங்களுக்கு?" என்று போனில் கத்தினேன். "பிரசவத்துக்கு நீ வருவியா, மாட்டியா? அத்த மட்டும் சொல்லும்மா" என்றாள். பெற்ற பாவம், போனேன். மூன்று மாசம் இருந்துவிட்டு வந்தேன்.

எனக்கும் அந்த ஊருக்கும் என்ன பகை என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள்.

நம் நைனா சித்தூர் கோர்ட்டு வாசலில் வறுத்த கடலை விற்றவர். புத்தலப்பட்டுப் பக்கம் போய்க் கடலை வாங்கி வந்து, தானே மணலில் வறுத்து, பொட்டலம் கட்டி விற்றே நம் இருவரையும் படிக்க வைத்தார். நான் கல்வி அலுவலகத்தில் குமாஸ்தா ஆனேன். நீ சமையல் படித்துச் சரக்குக் கப்பலில் சேர்ந்தாய். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் நைனா பேருக்குப் படம் போட்ட கார்டு ஒன்று அனுப்புவாய். அவர் அதைக் கோர்ட்டுக்கு எடுத்துப் போய், கடலை வாங்க வருகிற வக்கீல்களிடமெல்லாம் காட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

அவர் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது உன் கப்பல் ஜெனோவாவில் நின்றுகொண்டிருந்தது. சென்னையில் இருந்த ஏஜெண்டுக்குப் போன் போட்டோம். "சொல்லியாச்சும்மா. மாத்து ஆள் இல்லாம சமையக்காரர எறக்க முடியாது" என்றார்கள். மறுநாள் உன்னை விட்டுவிட்டே அடக்கம் பண்ணினோம். மகன் போட வேண்டிய முதல் பிடி மண்ணை நான் போட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து உன் கார்டு வந்தது. நைனா பேருக்கு வந்திருந்தது. அடக்க நாளின் தேதியை உன் கையெழுத்தில் போட்டிருந்தாய்.

"அன்புள்ள நைனாவுக்கு, இன்றைக்கு இந்த ஊரில் வெகு அழகான இடத்துக்குப் போயிருந்தேன். நாள் முழுக்க அங்கேயேதான் இருந்தேன். பூ நிறைய இருக்கிறது. இங்கே யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. படத்தில் இருக்கிற அம்மாளுக்கும் நம்ம தொழில்தானாம், நைனா. தெருவில் கொட்டை விற்றவர்கள். நீங்கள் பார்த்தால் பிடிக்கும். உங்கள் மகன்."

படத்தில் நீளமான நடை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பளிங்குச் சிலைகள். நடுவில் லேஸ் வைத்த சால்வை போர்த்திய ஒரு கிழவி. அவள் கையில் கயிற்றில் கோத்த கொட்டைகள், வளையம் வளையமாக ரொட்டி.

நான் என்ன நினைப்பேன், சொல். அப்பன் செத்த சேதி கேட்டவன் அரண்மனை பார்க்கப் போயிருக்கிறான். நாள் முழுக்க ஊர் சுற்றியிருக்கிறான். போதாததற்குச் செத்த மனுஷனுக்கே கார்டு போட்டு, அவர் தொழிலைக் கேலி வேறு பண்ணியிருக்கிறான். வேறு மாதிரி நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

நாலு மாசம் கழித்து நீ வந்து சேர்ந்தாய். பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னால், ஜெபத்துக்கு வந்திருந்த சபையார் முன்னிலையில் கார்டை உன் மூஞ்சியில் விட்டெறிந்தேன். "வாங்க துரை. அரமன எல்லாம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன். நீ கார்டைக் குனிந்து எடுத்தாய். "அது அரமன இல்லம்மா" என்றாய். அடுத்த வார்த்தை வருவதற்குள், "எதா இருந்தா எனக்கின்னா? இனி இந்த வாசப்படி மிதிக்காத" என்றேன்.

நீ கார்டை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாய். நான் அதைக் கிழிக்கவில்லை. கோபம் ஆறிவிடக் கூடாதே என்று நைனாவின் வேதப்புத்தகத்தில் பத்திரப்படுத்தினேன். அவ்வளவு நல்ல பொம்பளை நான்.

அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு நாம் பேசவில்லை. கப்பலை விட்டுத் திருப்பதியில் ஓட்டல் சமையலுக்குச் சேர்ந்தாய், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்பதெல்லாம் யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன். கல்லறைத் திருநாளுக்கு நீ வருவாய் என்று தெரிந்து, முந்தின நாளே நைனா கல்லறைக்கு வெள்ளையடித்து முடித்துவிடுவேன். உனக்குச் செய்ய ஒரு வேலையும் மிச்சம் வைக்கக் கூடாது என்ற வைராக்கியம். நீ மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டுத் தலை குனிந்து போவதை வேப்ப மரத்துக்குப் பின்னால் நின்று பார்ப்பேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நீ படுத்துவிட்டாய். கடைசியாகப் பாஸ்டர் ஐயாவிடம் ஒன்றுதான் கேட்டாயாம். "என்ன நைனாகூட வைங்க." பழைய மிஷன் கல்லறைத் தோட்டத்தில் புதுக் குழிக்கு இடம் கிடையாது. குடும்பக் குழியைத் திறந்துதான் வைக்க வேண்டும். நைனாவும் அவருக்கு முன்பே போன அம்மாவும் இருக்கிற குழியில் இன்னும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சபை அனுமதிக்கும். அதற்கு என் கையெழுத்து வேண்டும்.

பாஸ்டர் ஐயா வீடு தேடி வந்தார். "கூடப் பொறந்தவன்மா, யோசிச்சு சொல்லு" என்றார். "யோசிச்சாச்சுங்க ஐயா. அது எனக்கு வச்சிருக்கிற எடம்" என்றேன். உன்னைக் குடிபாலா ரோட்டில் சபை புதிதாக வாங்கிய நிலத்தில் வைத்தார்கள். மதில் ஓரத்தில், தெரிந்த முகம் ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லாத இடம். அடக்கத்துக்கு நான் வரவில்லை. அன்று ஆபீசுக்குப் போய் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பண்ணினாய் என்று நான் நினைத்ததை, நானே பண்ணினேன்.

இப்போது ஜெனோவாவுக்கு வருகிறேன்.

குழந்தைக்கு நாற்பது நாள் ஆனதும், சனிக்கிழமை தோறும் மாப்பிள்ளை என்னை ஊர் சுற்றிக் காட்டினார். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாய்க் கட்டின பெரிய தேவாலயம் பார்த்தேன். யுத்தத்தில் விழுந்து வெடிக்காமல் போன குண்டை அதற்குள்ளேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். துறைமுகத்தில் பழைய கலங்கரை விளக்கம் பார்த்தேன். வெயில் தரையைத் தொடாத அளவுக்குச் சந்து சந்தாக ஊர். சந்துக்கு மேலே நம்மைப் போலவே துணி காயப்போடுகிறார்கள். கடலைமாவில் அடை மாதிரி ஒன்று சுடுகிறார்கள், மிளகு தூவித் தின்றால் நன்றாகத்தான் இருக்கிறது. மீன் காட்சிச்சாலையில் நீளமான வரிசை. "நிப்பீங்களா அத்தே, கால் நோவுமே" என்றார் மாப்பிள்ளை. "வேதக்காரின்னாலும் நான் திருப்பதிப் பக்கத்துக்காரி மாப்ள. எனக்குப் போயி கியூ சொல்லித் தர்றீங்களே" என்றேன்.

இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டே, யாரிடமும் சொல்லாமல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் அரண்மனைகளுக்கென்றே ஒரு தெரு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினேன். அந்தக் கொட்டைக்காரி எங்கேயாவது நிற்கிறாளா என்று பார்த்தேன். கண்டுபிடித்து என்ன பண்ணப் போகிறேன்? நீ நின்ற இடத்தில் நின்று இன்னொரு தரம் உன்னை வைய வேண்டும். அதற்குத்தான் தேடினேன், அண்ணா. அவள் எந்த அரண்மனையிலும் இல்லை.

ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது பிரிசில்லா, "கல்லறைத் தோட்டம் ஒன்னு பாக்கி இருக்கும்மா. ஊருக்கு வர்றவங்க எல்லாரும் பாத்துட்டுப் போற எடம்" என்றாள்.

"செத்தவங்கள வேடிக்க பாக்க டூரா? இன்னா ஊருடி இது? பச்சக் கொழந்தைய எடுத்துக்கினு கல்லறைக்கா போவாங்க?"

"கொழந்தைய அவரு பாத்துப்பாரு. நீ வாம்மா."

பஸ்ஸில் போனோம். வாசலில் வரிசையாகப் பூக்கடைகள். உள்ளே கூரை போட்ட நடை, முடிவே இல்லாத மாதிரி போகிறது. இரண்டு பக்கமும் பளிங்கு மனிதர்கள். புருஷன் முகத்தை மூடின துணியை ஒருத்தி மெல்லத் தூக்கிப் பார்க்கிறாள். யாரும் துடைக்காமல் எல்லார் தோளிலும் சாம்பல் நிறத்தில் தூசி. எங்கோ பார்த்த இடம் மாதிரி இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். நாலு பேர் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விலகினதும் அவள் நின்றாள். அதே லேஸ் சால்வை, அதே கொட்டைச் சரம், ரொட்டி வளையம்.

"யாருடி இது?"

"தெருவுல கொட்ட வித்தவங்கம்மா. உயிரோட இருக்கும்போதே தன் கல்லறைக்குத் தானே செல செஞ்சு வச்சுக்கினாங்களாம். இங்க எல்லாருக்கும் இவங்களத் தெரியும்."

"அரமன எங்கடி?"

"எந்த அரமன? இது மொத்தமும் கல்லறைதாம்மா."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். நம் ஊரில் கல்லறை என்றால் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்டு, தலைமாட்டில் ஒரு சிலுவை. நடையும் சிலையுமாக ஒரு படத்தைப் பார்த்தால் அது செத்தவர்கள் இடம் என்று சித்தூரில் யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றவில்லையே அண்ணா, இருபத்து நாலு வருஷமாகத் தோன்றவில்லையே.

நைனாவைக் குழியில் இறக்கின நாளில் நீயும் கல்லறைத் தோட்டத்தில்தான் இருந்திருக்கிறாய். நம் ஊருக்கு வர முடியாதவன், அந்த ஊரில் இருந்த கல்லறைக்குப் போயிருக்கிறாய். அத்தனை பெரிய மனிதர்களின் சிலைகளை விட்டு, நைனா தொழில் செய்த ஒருத்தியைத் தேடிப் பிடித்து, அவள் காலடியில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாய். அவர் இல்லை என்று தெரிந்தேதான் அவர் பேருக்கு எழுதியிருக்கிறாய். உன் துக்கத்தைச் சொல்ல உனக்கு அவரைவிட்டால் வேறு யார் இருந்தார்கள்? நான் இருந்திருக்க வேண்டும்.

ஏன் சொல்லவில்லை? நான்தான் வாயைத் திறக்க விடவில்லை, சரி. அதற்கப்புறம் இருபது வருஷம் இருந்ததே. கல்லறைத் திருநாளில் ஒரு தரமாவது என் கையைப் பிடித்து நிறுத்தி, "அடியே முட்டாளே" என்று ஓர் அறை விட்டிருக்கக் கூடாதா? நான் மரத்துக்குப் பின்னால் நின்றது உனக்குத் தெரியுமா, தெரியாதா?

பிரிசில்லா பயந்துபோய், "ஏம்மா அழுவுற? யாரும்மா இவங்க உனக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். சின்ன வயசில் அவளுக்கு மாமா ஏன் வராமல் போனார் என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாசலுக்குப் போய்ப் பூ வாங்கி வந்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல், கொட்டைக்காரி காலடியில் வைத்துவிட்டு வந்தோம்.

சித்தூரில் வந்து இறங்கின மறுநாளே சபைச் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். உன்னைக் குடிபாலா ரோட்டிலிருந்து எடுத்து நைனாவிடம் வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷர், தெலுங்கும் தமிழுமாகப் பேசுவார். "காதும்மா, அது ஆவாது. மண்ணுல வச்சவங்கள மறுபடி எடுக்கிறதுன்னா கலெக்டர் ஆபீசு வரைக்கும் போவணும். பெர்மிஷன் கெடைக்காது. அவரு நிம்மதியா இருக்காரு, உட்டுடு" என்றார்.

நிம்மதியாகவா இருக்கிறாய்? கேட்டது ஒரே ஒரு இடம். அதைக் கூடப்பிறந்தவளே மறுத்தாள். அப்படிப்பட்டவனுக்கு நிம்மதி எங்கிருந்து வரும்?

அங்கிருந்து பஸ் பிடித்து உன்னிடம் வந்தேன். நாலு வருஷத்தில் முதல் தரம். உன் கல்லறையைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. சிலுவையில் உன் பேர் பாதி அழிந்திருந்தது. முள்ளைப் பிடுங்கிப் போட்டு, பெயிண்ட் வாங்கி வந்து பேரை நானே எழுதினேன். கோணலாகத்தான் வந்திருக்கிறது.

நேற்று செயலாளரிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். குடும்பக் குழியில் எனக்கென்று இருக்கிற இடம் வேண்டாம், குடிபாலா ரோட்டில் உன் குழியைத் திறந்து என்னை வைக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் இரண்டு தரம் படித்தார். "ஏம்மா, நல்ல எடத்த உட்டுட்டு அந்த மூலைக்கா? அப்பா அம்மாகூட இருக்க வேணாமா?" என்றார். "அவங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்காங்க, இவன்தான் தனியா கெடக்கிறான்" என்றேன். அவர் முத்திரை குத்திக் கொடுத்தார்.

இன்னும் எத்தனை வருஷமோ, எனக்குத் தெரியாது. நைனா பக்கத்தில் உன்னை வைக்க என்னால் முடியாமல் போயிற்று. உன் பக்கத்தில் என்னை வைக்க முடியும், அதைச் செய்கிறேன் அண்ணா. இது நான் தருகிற வாக்கு. பிரிசில்லாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்: "நான் போனா என்ன தாத்தாகிட்ட கொண்டுபோயி வைக்காதடி. மாமாகிட்ட வை."

உன் கூடப்பிறந்தவள்,
உன் தங்கச்சி சுகந்தி