பம்பின் மேல் ஒரு சிவப்புக் கோடு

மச்சான்,

இன்று காலை மேடவாக்கம் சிக்னலில் எனக்கு முன்னால் நின்ற தண்ணீர் லாரி வெள்ளையாகப் புகைவிட்டது. எரியாத டீசலின் நெடி கண்ணைக் கரித்தது. "வெள்ளையா வந்தா டீசல் லேட்டா உள்ள போவுதுன்னு அர்த்தம், டைமிங்க பாரு" என்பாய். பின்னால் ஹாரன் அடிக்கும்வரை நான் நகரவில்லை.

நம் இருவருக்கும் ஒரே வயது. என்னிடம் ஒரு பழைய டேங்கர், உனக்குக் கோவிலம்பாக்கத்தில் ஒரு தகர ஷெட். டீசல் பம்பைச் சரியான இடத்தில் நிறுத்தி நட்டை முடுக்கியதும், பம்புக்கும் இன்ஜினுக்கும் குறுக்கே உன் மனைவியின் நெயில் பாலீஷால் ஒரு கோடு இழுப்பாய். "இந்தக் கோடு சேந்து கீற வரைக்கும் என்னியத் தேடாத. உன் வண்டியாலதான் வூட்ல திட்டு வாங்கறேன்."

ஒருநாள் முழுத் தண்ணீரோடு பல்லாவரம் பாலம் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை என்று, உன்னைக் கேட்காமல் நானே நட்டைத் தளர்த்தி, பம்பை ஒரு நூல் அளவு திருப்பி, மறுபடி முடுக்கினேன். அரைகுறை ஞானம், திருப்பியது தப்பான பக்கம். மறுநாள் காலை நான் தண்ணீர் ஊற்றும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல் முழுக்க வெள்ளைப் புகை. பிள்ளைகள் ஸ்கூல் வேனுக்கு நிற்கும் நேரம் வேறு. இனி இந்த வண்டியே வேண்டாம் என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர். மற்ற டேங்கர்க்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடிக்கை போனால் எனக்குப் பிழைப்பில்லை. "மெக்கானிக் சரியா வெக்கல சார்" என்றேன். வாய் கூசவில்லை.

போன் செய்ததும் வந்தாய். பானெட்டைத் தூக்கினாய். கோடு ஒரு நூல் விலகியிருந்தது. ஆனால் மூன்று நட்டும் இறுக்கமாக இருந்தன. ஸ்பானரை வைத்த உடனே உனக்குத் தெரிந்திருக்கும், பம்ப் தானாக நகர வழியே இல்லை. என்னை ஒரு தரம் பார்த்தாய். பிறகு செயலாளரிடம், "நட்ட சரியா டைட் பண்ணாம வுட்டுட்டேன் சார். என் தப்புதான்" என்றாய்.

என் வாடிக்கை பிழைத்தது. உன் ஷெட்டுக்கு மற்ற டேங்கர்கள் வருவது நின்றுபோனது. நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். கேட்காததை எனக்குச் சாதகமாக்கிக்கொண்டேன், அதுதான் உண்மை. ஷெட்டை மூடிவிட்டுத் தாம்பரத்தில் யாரிடமோ கூலிக்குப் போனாய். மாரடைப்பு என்று கேட்டு நான் ஓடிவந்த அன்று, உன் வீட்டு வாசலில் ஒரு டிரைவர் சொன்னார்: "தங்கமான மனுசன். கைதான் கொஞ்சம் அலட்சியம்." நான் உன் மாலையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

இன்று சிக்னலில் புகைவிட்டது அந்த டிரைவருடைய வண்டிதான். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அவரை நிறுத்திச் சொன்னேன். "அன்னிக்கு நட்டு டைட்டாதான் இருந்துச்சுண்ணா. பம்ப திருப்பினது நானு."

அவர் ஹோஸைப் பிடித்தபடியே நின்றார். டேங்க் நிரம்பியதும் வால்வை மூடிவிட்டுச் சொன்னார். "அவன் இருக்கசொல்லோ சொல்லியிருக்கலாமேப்பா."

குடியிருப்பு வாசலில் அன்று நீ பம்பைப் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டுப் போனாய். புதிதாகக் கோடு போடவில்லை, போடத் தேவையும் இருக்கவில்லை. நீ முதலில் இழுத்த கோடே இன்னும் சேர்ந்து நிற்கிறது. இன்ஜினைத் துடைக்கும்போது அந்த இடத்தில் மட்டும் துணி படாமல் விட்டுவிடுகிறேன்.