பெரியம்மா ஜாடை

ஜூலை 7, திங்கள்

காலையில் கொளுத்தும் வெயில். சாயங்காலம் மழை வருவது போல் இருட்டி ஏமாற்றிவிட்டது. கணக்கு டெஸ்ட் சுமார். ரெக்கார்ட் நோட்டுக்கு அட்டை போட வேண்டும், பிரவுன் ஷீட் இல்லை.

எமர்ஜென்சி லைட்டைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஹாலில் கார்த்தி அண்ணா படிக்கிறான் (அதாவது போன் பார்க்கிறான்). யாரிடமாவது உளறிவிடுவேனோ என்று பயம். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பெரியம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதுவரை பார்த்தவை:
– காலையில் கண் இமை வீக்கம்
– ஸ்கூல் ஷூ இறுக்கம். சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றிப் பள்ளமாக ஒரு கோடு
– மத்தியானத்துக்கு மேல் தலைவலி
– மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது

பெரியம்மாவுக்கும் முதலில் கால்தான். செருப்பு சின்னதாகிவிட்டது என்று நினைத்து, குரோம்பேட்டையில் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி மாட்டிக்கொண்டு நடந்தாள். அப்புறம் டாக்டர். அப்புறம் கிட்னி. அப்புறம் டயாலிசிஸ். இந்த பிப்ரவரியில் போய்விட்டாள்.

இன்று பயாலஜி மிஸ் சிறுநீரகம் நடத்தினார். சில கிட்னி நோய் குடும்பத்தில் தொடர்ந்து வருமாம், வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். எல்லோரும் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். நான் வரைந்த சிறுநீரகம் அவரைக்காய் மாதிரி வந்தது.

டயாலிசிஸ் சிஸ்டர் பெரியம்மாவுக்குச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்தி, கொஞ்ச நேரம் கழித்து எடுக்க வேண்டும். பள்ளம் அப்படியே நின்றால் உடம்பில் தண்ணீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். இப்போது அழுத்திப் பார்த்தேன். நின்றது போலவும் இருந்தது, நிற்காதது போலவும் இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். பிரவுன் ஷீட் வாங்கியாயிற்று. ஸ்டேஷனரி கடை பாய் மீதிச் சில்லறை கொடுக்கும்போது, "அப்டியே பெரியம்மா ஜாடைம்மா நீ. நடைகூட அதே" என்றார். எப்போதும் சொல்வதுதான். எப்போதும் சந்தோஷமாக இருக்கும். இன்று இல்லை. வரும் வழியெல்லாம் வேறு மாதிரி நடந்து பார்த்தேன்.

பெரியம்மா நினைப்பாகவே இருக்கிறது.

அப்பாவும் பெரியம்மாவும் திருமுடிவாக்கத்தில் ஒரே கம்பெனி. அப்பா ஸ்டோர்ஸ். பெரியம்மா இன்ஸ்பெக்‌ஷன். போல்ட்டுகளை அளந்து பார்த்து நல்லது ஒரு டிரே, கெட்டது ஒரு டிரே. என்னைப் பெற்ற அம்மா எனக்கு மூன்று வயதில் இறந்துவிட்டாள், போட்டோவில்தான் முகம் தெரியும். பெரியம்மாவின் தங்கைக்கும் கணவர் இல்லை, ஒரு பையன். பெரியம்மா அப்பாவை ஒரு வருஷம் கூர்ந்து பார்த்துவிட்டுத்தான் பேச்சையே எடுத்தாளாம். எனக்கு ஆறு வயதாகும்போது அப்பாவுக்கும் அந்தத் தங்கைக்கும் கல்யாணம். இந்த அஸ்தினாபுரம் வீட்டுக்கு அம்மா வந்தாள், கார்த்தி அண்ணா வந்தான், பின்னாலேயே ஒரு பெட்டியும் டேபிள் ஃபேனுமாகப் பெரியம்மா. அவளை யாரும் கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

வந்த அன்றே என்னையும் அண்ணாவையும் சுவர் ஓரமாக நிற்க வைத்து, தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"ரெண்டும் ஓகே பீஸ்."

அவளும் கல்யாணம் ஆகி ஆறு மாதத்தில் திரும்பி வந்தவள். ஏன் என்று அண்ணா ஒரு தடவை கேட்டுவிட்டான். "அளவு சேரல. ரிட்டர்ன் பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தாள்.

நான் அம்மாவை ரொம்ப நாள் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. பக்கத்தில் போய் நிற்பேன், அவளாகத் திரும்பும் வரை. அப்பா திட்டுவார். ஒருநாள் பெரியம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள்: "அவள இன்னா வேணா கூப்டு, கூப்டாமக்கூட இரு. அவ தாங்கிப்பா. என்னைப் பெரியம்மான்னு கூப்டு. எனக்கு வேற ஆள் இல்ல." சரி என்று கூப்பிட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஒருநாள் என்னை அறியாமல் அவள் தங்கையை அம்மா என்றும் கூப்பிட்டுவிட்டேன். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு ரசத்தில் மட்டும் உப்பு இல்லை.

எட்டு வருஷம் ஒரே கட்டில். கையில் எப்போதும் மெஷின் எண்ணெய் வாசனை, எந்தச் சோப்புக்கும் போகாது. குறட்டை வேறு. இப்போது ஃபேன் சத்தம் மட்டும்தான். அழுதால் ஹாலுக்குக் கேட்கும் என்று முகத்தைத் தலையணைக்குள் அமுக்கிக்கொள்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

நேற்று எழுதவில்லை. ரொம்பப் பயந்தால் எழுத வருவதில்லை.

தண்ணீரைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். பெரியம்மாவுக்கு அளந்துதான் கொடுப்பார்கள். போன வருஷம் மே மாதம் வாயில் ஐஸ் கட்டியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கும் பாதி கடித்துக் கொடுப்பாள். "தண்ணி இல்லடி, பிஸ்கட்னு நெனச்சுக்க." என் பாட்டிலை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து செடிக்கு ஊற்றுகிறேன்.

இன்று மாட்டிக்கொண்டேன்.

தாம்பரம் ஆடிட்டர் ஆபீசிலிருந்து அம்மா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. நான் கட்டிலில் காலை நீட்டி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், மடித்த துணியோடு வாசலில் அம்மா. என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணியைக் கட்டிலில் வைத்தாள். தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் இழுத்துப் போட்டு, அதே இடத்தில் அழுத்தினாள். உதடு மட்டும் எண்ணியது.

"எத்தனை நாளா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஷூ, தலைவலி, எல்லாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். நீ மறுபடியும் அந்த ஆஸ்பத்திரிக்கு நடக்கணுமே என்றேன். அம்மா என் காலைப் பிடித்தபடியே இருந்தாள்.

"கார்த்திக்கு அப்பவே ஸ்கேன் எடுத்தேன். உனக்குப் பரீட்சைன்னு தள்ளிப் போட்டேன். அப்புறம் அக்காவப் பார்க்குறதுலயே மறந்துட்டேன்டி."

உண்மைதான். பெரியம்மாவுக்கு என்ன நோய் என்று தெரிந்ததும், கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். அம்மாவும் அண்ணாவும் எடுத்தார்கள், இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் விட்டுப்போயிற்று.

அப்பா இட்லியைப் பிட்டு வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். டிவி போடவில்லை. சமையல் கட்டில் இரண்டு பேரும் மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அண்ணா என் அறை வாசலில் வந்து நின்றான்.

"என் கிட்னி ரெண்டும் சூப்பரா கீதாம். வேணும்னா ஒண்ணு எடுத்துக்க. ஆனா என் சார்ஜர் மேல கைய வெச்ச, தொலைச்சுருவேன்."

சொல்லிவிட்டு உடனே போய்விட்டான்.

ஜூலை 11, வெள்ளி

ஸ்கூலுக்குக் காய்ச்சல் என்று லீவ் லெட்டர்.

அதே ஆஸ்பத்திரி. லிஃப்ட் டயாலிசிஸ் மாடியில் நின்று கதவு திறந்தபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டாள்.

பழைய டாக்டர் இல்லை. இவர் புதிது, இளம் வயது மேடம். காலை அழுத்தினார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். குடும்பத்தில் யாருக்காவது கிட்னி பிரச்சினை உண்டா என்று கேட்டு முடிப்பதற்குள், "எங்க அக்காவுக்கு மேடம். இங்கதான் பார்த்தோம்" என்று அம்மா ஆரம்பித்து, மூச்சு விடாமல் முழுவதையும் சொன்னாள். மேடம் எழுதிக்கொண்டு அதன் அடியில் கோடு போட்டார்.

ரத்தம். யூரின். ஸ்கேன். ஸ்கேனுக்கு வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். பயந்துகொண்டே முதல் டம்ளர். அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. நர்ஸ் "போதும்மா" என்றார்.

அப்பா பர்மிஷன் போட்டுவிட்டு கம்பெனி சட்டையோடு வந்தார். மூன்று பேரும் ஸ்டீல் நாற்காலியில். அப்பா வாங்கி வந்த பப்ஸ் கையிலேயே ஆறிப்போனது. ஸ்கேன் எடுத்தவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரிப்போர்ட் நாளைக்கு.

அம்மா இன்று என் கட்டிலில், பெரியம்மா படுக்கும் பக்கம் வந்து படுத்திருக்கிறாள். தூங்கவில்லை, தூங்குவது போல் இருக்கிறாள். அதனால் பாத்ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். கொசு.

சாமி, ப்ளீஸ்.

ஜூலை 12, சனி

ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை.

இரண்டு கிட்னியும் நன்றாக இருக்கிறது. ரத்தம் கொஞ்சம் கம்மி, அதனால்தான் மூச்சு வாங்குகிறது. இரும்புச் சத்து மாத்திரை. கண் டெஸ்ட் எடுக்கச் சொன்னார், தலைவலிக்குக் கண்ணாடி போட வேண்டி வரலாம். தண்ணீர் குடிக்காததற்கு நல்ல திட்டு. ஷூ எப்போது வாங்கியது என்று கேட்டார். ஏழாவதில் என்றேன். மேடம் அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா என் ஷூவைப் பார்த்தார்.

"வளர்ற பொண்ணும்மா. ரெண்டு வருஷமா அதே ஷூவா?"

கண் வீக்கத்துக்கு, ராத்திரி அழுவியா என்று மட்டும் கேட்டார். நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். அவரும் விட்டுவிட்டார்.

ஆனாலும் குடும்பத்தில் இருப்பதால் வருஷம் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அதற்காகச் சில கேள்விகள். சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்ததா? பிறந்தபோது எடை எவ்வளவு?

அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். "வந்து..." என்றாள். நெற்றியைச் சுருக்கி மேலே பார்த்தாள், சாவியை எங்கே வைத்தோம் என்று யோசிப்பவள் மாதிரி. அண்ணா பிறந்த எடையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். என்னுடையதைத் தேடினாள். தேடிக்கொண்டே இருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மாறியது. மெதுவாக அப்பா பக்கம் திரும்பினாள்.

"மேடம், இவள நான் பெக்கல."

மேடம் பேனாவை நிறுத்தினார். "அப்போ அந்த அக்கா?"

"என் கூடப் பொறந்தவ."

"பொண்ணுக்கு ரத்த சம்பந்தம்?"

"இல்லைங்க மேடம்" என்றார் அப்பா. சின்னக் குரலில்.

மேடம் எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு முந்தின நாள் அடியில் கோடு போட்டு எழுதியிருந்ததை அடித்தார். "அப்போ அந்தக் கவலையே இவளுக்குக் கிடையாதேம்மா. வருஷா வருஷம் வரவும் வேணாம்" என்றார்.

வெளியே வந்ததும் முதலில் அப்பாதான் சிரித்தார். அப்புறம் அம்மா. மாடிப்படியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அது அழுகையாக மாறியது, மறுபடி சிரிப்பானது. ஸ்கேன் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தனக்காவது தோன்றியிருக்க வேண்டும் என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். பெற்றவர் அவர்தானே.

வீட்டில் அண்ணா: "லூசுக் குடும்பம். மூணு பேர்ல ஒருத்தருக்குக்கூடவா தோணல?"

"உனக்குத் தோணுச்சாடா?" என்றாள் அம்மா.

அவன் போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

எனக்கும்தான் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை இந்தக் கையால்தான் அம்மாவும் பெரியம்மாவும் இந்த வீட்டுக்கு வந்த கதையை எழுதியிருக்கிறேன். எழுதும்போதுகூடத் தோன்றவில்லை.

ஒன்று மட்டும். மேடம் அந்த வரியை அடித்தபோது என்னவோ போல் இருந்தது. உயிர் பிழைத்த மாதிரியும் இருந்தது, பெரியம்மாவை யாரோ என்னிடமிருந்து தள்ளி உட்கார வைத்த மாதிரியும் இருந்தது. திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அம்மாவிடம் கேட்டேன், அப்போ கடை பாய் ஜாடை என்று சொல்வது பொய்யா என்று.

"எட்டு வருஷம் அவ பின்னாடியே சுத்தினா வேற யார் நடைடி வரும்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

குரோம்பேட்டையில் இறங்கிப் புது ஷூ.

ஜூலை 13, ஞாயிறு

ஒரு வழியாக மழை. துணி எல்லாம் நனைந்தது. கரண்ட் போய் வந்தது. மாத்திரை ஆணியை நக்கியது மாதிரி இருக்கிறது. நன்றாகத் தூங்கினேன், ஒன்பது மணிக்குத்தான் எழுந்தேன், யாரும் எழுப்பவில்லை. இப்போது மத்தியானம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

காலையில் அம்மா அப்பாவிடம் கேட்டாள், நான் பிறந்தபோது என்ன எடை என்று. ரெண்டரை, மூணு இருக்கும் என்றார் அப்பா.

"இருக்கும்னா? பூசணிக்காயா வாங்கப் போனீங்க?"

அப்பா பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அம்மா போனை எடுத்து வண்டலூர் மாமாவுக்குப் போட்டாள். மாமா என்னைப் பெற்ற அம்மாவின் தம்பி. தீபாவளிக்கு அப்பா போன் போட்டுக் கொடுத்தால் இரண்டு வார்த்தை பேசுவதோடு சரி, அம்மாவாகப் போன் செய்தது இல்லை. அதனால் மாமா பதறிவிட்டார் போலிருக்கிறது.

"ஒண்ணும் இல்லைங்கண்ணா, எல்லாரும் நல்லா இருக்கோம். வித்யா பொறந்தப்போ எவ்ளோ வெயிட்னு தெரியணும். டாக்டர் கேட்டாங்க, நான் முழிச்சேன்."

மாமா போனை அத்தையிடம் கொடுத்தார். பிரசவத்தின்போது அத்தைதான் கூட இருந்தாராம். அப்புறம் குக்கர் அடங்கும் வரை பேச்சுதான். அம்மா "உம், உம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு தடவை மூக்கைச் சிந்தினாள்.

இப்போது சமையல் கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டு அண்ணாவிடம் சொல்கிறாள். ரெண்டே முக்கால் கிலோ. நெற்றி வரைக்கும் முடி. ஒரு கையை மூடிக்கொண்டே இருந்தேனாம், நர்ஸ் பிரித்துப் பார்த்தும் வரவில்லையாம். மஞ்சள் காமாலை லேசாக இருந்ததால் காலை வெயிலில் ஜன்னல் ஓரம் போட்டு வைத்தார்களாம். பக்கத்தில் நின்று பார்த்தவள் மாதிரி சொல்கிறாள். அந்த ஜன்னல் எந்தப் பக்கம் என்று கையைக்கூட நீட்டிக் காட்டுகிறாள்.

"நீ எப்பம்மா பார்த்த?" என்கிறான் அண்ணா.

"குறுக்க பேசாம கேளுடா. காது ஒண்ணு மடிஞ்சே இருந்துச்சு, எண்ணெய் தொட்டு நீவி நீவித்தான் சரி ஆச்சு."

"எந்தக் காது?"

அம்மா நிறுத்திவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வண்டலூருக்குப் போன் போடுகிறாள்.