தீ வைத்த காடும் புதுச்சட்டையும்

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். உன் ஆய்வேட்டைப் படிக்க எடுத்து, இரண்டாம் பக்கத்திலேயே தூங்கி அதன்மேல் எச்சில் ஒழுக்கிவிட்டேன். ஆனாலும் விஷயம் தெரியும். சருகை எரிக்க வேண்டுமென்றே சின்னதாய்த் தீ வைத்தால் தேக்கின் தரம் கெடுமா என்பதுதானே? அந்தக் காட்டில் வருஷக்கணக்கில் தண்ணீர்க் கேன் சுமந்து உன் பின்னால் வந்தவன் நான். அடிமரத்தில் மட்டும்தான் கருப்பு, விலை பெரிதாய் இறங்காது என்று கண்டுபிடித்தாய். சந்தோஷம். மரம் பொறுத்துக்கொள்ளும்.

நேற்று பட்டமளிப்பு மண்டப வாசலில் உன் பேராசிரியர், "யாரும்மா இவரு?" என்று கேட்டார். நீ என் புதுச்சட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டிரைவர் சார்" என்றாய்.

நான் சிரித்தேன். எதற்குத்தான் சிரிக்கவில்லை?

இப்போது அக்கா வீட்டில் இருக்கிறேன். எப்போது வருவேன் என்று கேட்காதே. கூப்பிட்டால்தானே டிரைவர் வருவான்?

இன்னொரு விஷயம். நேற்று நீ மண்டபத்துக்குள் போனதும் உன் பேராசிரியர், "அப்படியே என் காரையும் நிழல்ல விட்டுடுப்பா" என்று சாவியை நீட்டினார். உன்னைப் பொய்க்காரி ஆக்க மனசு வராமல் வாங்கிக்கொண்டேன். எனக்குச் சைக்கிள் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது என்பது உனக்கே தெரியும். காரை நிழலில்தான் விட்டேன். நிழல் தந்த மரத்தில் மோதித்தான் நின்றது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்