இழுத்தால் அவிழும் முடிச்சு

ஞாயிறு இரவு, ஜூலை 2005

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். இன்று நான் போட்ட முடிச்சு வேலை செய்தது!

போன வாரம் ஏரியில் மீன் பிடிக்கும்போது பலமாகக் காற்று அடித்து, அண்ணனின் கயாக் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. நங்கூரக் கயிற்றின் முடிச்சு நனைந்து இறுகி அவிழவே இல்லையாம். கத்தியால் அறுத்துத்தான் தப்பினான். அம்மாவுக்குத் தெரிந்தால் படகை விற்றுவிடுவாள் என்று என்னிடம் மட்டும் சொன்னான்.

இன்று டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டு அவனோடு போனேன். மறுபடியும் அதே முடிச்சைத்தான் போட்டான்.

"அண்ணா, நான் ஸ்கூலுக்கு ரிப்பன் கட்டுற மாதிரி கட்டு. ஒரு முனைய இழுத்தா போதும்."

"உன் ஜடையும் நங்கூரமும் ஒண்ணா? சரி மேடம், நீயே கட்டு."

கயிற்றில் ஒரு காலி எண்ணெய்க் கேனைக் கோத்து, படகின் பின்பக்கம் பூ முடிச்சாகக் கட்டினேன். கரையோரத்திலேயே அவன் ஏறி உட்கார்ந்து முனையை இழுத்தான். படகு உடனே விடுபட்டது. நங்கூரம் கிடக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டு கேன் மட்டும் மிதந்தது. நான் கரையில் நின்று துள்ளிக் குதித்தேன்.

"சூப்பர்! அடுத்த வாரம் நடு ஏரிக்கே போறேன்" என்றான்.

அவனுக்கு நீச்சல் சுமார்தான். என் முடிச்சை நம்பிப் போகிறான். லைஃப் ஜாக்கெட் போடாவிட்டால் அம்மாவிடம் நானே சொல்லிவிடுவேன் என்று காலையில் அவனிடம் சொல்ல வேண்டும். படகு போனாலும் பரவாயில்லை.

ஆனால் எவ்வளவு அழகாக அவிழ்ந்தது!