ஒருமனதாக

திருவொற்றியூர்க் குப்பம்
14 ஜூலை 1936

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீயும் என் தங்கை பூவம்மாவும் குழந்தையும் சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன். இனி விஷயம்.

வேலைநீக்க உத்தரவு வந்துவிட்டது. ஹாஸ்டல் உதவி வார்டன் பதவி மட்டும் போகும் என்று நினைத்திருந்தேன். ரசாயனக் கூடத்து டெமான்ஸ்ட்ரேட்டர் வேலையும் சேர்ந்து போயிற்று. அதுகூட இவ்வளவு சுடவில்லை. உத்தரவின் நடுவில் ஒரு வார்த்தை: 'காலேஜ் கவுன்சில் ஒருமனதாகத் தீர்மானித்தபடி.' அந்த ஒரு மனதில் உன் மனதும் சேர்த்தியா? ஜூனியர் ஆசிரியர்கள் சார்பில் உன்னை அந்தக் கவுன்சிலுக்கு அனுப்ப, மாடிப்படி மாடிப்படியாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டவன் நான்.

வார்டன் ரகுபதி அங்கே எப்படிச் சொன்னாரோ தெரியாது. நடந்தது இதுதான். ஹாஸ்டல் தாழ்வாரத்தில் இரண்டு தண்ணீர்ப் பானைகள். ஒன்றின் கழுத்தில் சுண்ணாம்பு வளையம். அது புளியந்தோப்புச் சேரிப் பிள்ளைகளுக்கு. "இன்னாத்துக்கு சார் சுண்ணாம்பு? எங்களுக்கு ஜீரணம் ஆவாதுன்னா?" என்று அவர்களில் கிருஷ்ணப்பன் கேட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அன்று மாலை இரண்டு பானைகளையும் கவிழ்த்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன். வளையம் போயிற்று. தண்ணீர் நிரப்பி ஒன்றையொன்று ஒட்டினாற்போல் வைத்தேன். மறுநாள் எது எந்தப் பானை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பாதி ஹாஸ்டல் நாக்கு வறண்டு கிளாசுக்குப் போயிற்று. நான் செய்த ஒழுங்கீனம் அவ்வளவே. பானை கழுவினேன்.

நேரில் வந்தே கேட்டிருப்பேன். வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறாய். அதனால் எழுதிக் கேட்கிறேன். நீ சம்மதம் என்று சொன்னாயா?

உன் மச்சான்
அப்பாவு


திருவல்லிக்கேணி
18 ஜூலை 1936

அன்பு மச்சானுக்கு,

சத்தியமாக நான் சம்மதம் சொல்லவில்லை. நான் வாயே திறக்கவில்லை. வினை அதில்தான் வந்தது.

கவுன்சிலில் எனக்கு அதுதான் முதல் கூட்டம். ரகுபதி எல்லாவற்றையும் வாசித்து முடித்தார். பிரின்ஸிபால் துரை காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே எல்லாருக்கும் சரிதானே என்று கேட்டார். ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. நம் குப்பத்தில் கூட்டம் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? பெரியதனக்காரர் கேட்பார். ஒவ்வொருவனும் வாய்விட்டுச் சரி சொல்ல வேண்டும். ஒருவன் சும்மா உட்கார்ந்திருந்தால் அவனுக்குச் சம்மதம் இல்லை என்று பொருள். அவன் வாய் திறக்கும்வரை கூட்டம் கலையாது. அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். சும்மா இருந்தேன், விஷயம் அங்கேயே நின்றுவிட்டது என்று நினைத்தேன். யாராவது என் பக்கம் திரும்பி, உனக்கு என்ன குறை என்று கேட்பார்கள் என்று காத்திருந்தேன். துரை பக்கத்தைத் திருப்பிவிட்டார். அடுத்த விஷயம் கிரிக்கெட் மைதானத்துக்குப் புல் போடுவது. அந்த மேஜையில் வாய் மூடினால் சம்மதமாம். எனக்கு யார் சொன்னார்கள்?

பூவம்மா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நேற்றுக் குழம்பில் உப்பு இல்லை என்றேன். "அங்க வாய மூடிக்கினு வந்தல்ல? இங்க மட்டும் இன்னாத்துக்குத் தொறக்கற?" என்றாள்.

வரவேண்டாம் என்றதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ரகுபதி எங்களுக்கு எதிர்வீடு. அடுத்த கவுன்சிலில் என் வேலையை நிரந்தரமாக்கும் விஷயம் வருகிறது, அவர் சிபாரிசின் பேரில். குப்பத்தில் எப்படியோ தெரிந்திருக்கிறது. அம்மன் ஆடித் திருவிழாவில் எனக்கு மாலை மரியாதை செய்யவேண்டும் என்று பெரியதனக்காரர் திருமலை பேசுகிறாராம். அன்று நீ என் பக்கத்தில் நிற்கவேண்டும்.

அன்புள்ள
தேசப்பன்


திருவொற்றியூர்க் குப்பம்
21 ஜூலை 1936

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். கோபம் போகவில்லை. ஆனாலும் சிரிப்பு வந்தது. அந்த மேஜையைச் சுற்றி இருந்த அத்தனை பேரிலும் இந்தத் தப்பைச் செய்யக்கூடியவன் நீ ஒருவன்தான். நம்புகிறேன்.

துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணும் வேலைக்குப் போகிறேன். மேஸ்திரி ஆசீர்வாதத்திடம் என் பட்டத்தைச் சொன்னேன். "படிச்சவன் எண்ணினா மூட்ட ஜாஸ்தியாவுமா? நில்லு நைனா அங்க" என்றார். அந்தக் கவுன்சிலில் இருக்கும் எவரைக் காட்டிலும் மரியாதையாகவே சொன்னார்.

கிருஷ்ணப்பன் இங்கே வந்திருந்தான். தாழ்வாரத்தில் மறுபடி இரண்டு பானைகள் வைத்தாயிற்றாம். இந்தத் தடவை வளையம் சுண்ணாம்பில் இல்லை, பெயிண்ட். நாரால் தேய்த்தால் போகாது. காலேஜ் முன்னேறிக்கொண்டிருக்கிறது.

இனி நீ செய்யவேண்டியதைக் கேள். அடுத்த கூட்டம் தொடங்கும்போது போன கூட்டத்து மினிட்ஸை வைத்து, இது சரியா என்று கேட்டாக வேண்டும். விதி அது. அப்போது எழுந்து ஒரு வாக்கியம் சொல்: 'ஒருமனதாக என்பது தவறு, நான் சம்மதிக்கவில்லை.' ஒருவன் சம்மதிக்காவிட்டால் கவுன்சில் தானே ஒருவனை வேலைநீக்கம் செய்ய முடியாது. கல்வி டைரக்டர் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும், விசாரணை வைக்க வேண்டும். விசாரணை என்றால் பானை எதற்கு, வளையம் எதற்கு என்று எழுத்தில் போட வேண்டும். அதை எழுத ஒருவருக்கும் கை வராது. என்னைத் திரும்பக் கூப்பிடுவதே அவர்களுக்குச் சுலபம்.

உன் நிரந்தரமும் அதே கூட்டத்தில்தான் என்பது தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். அந்த மேஜையின் வழக்கம் இப்போது உனக்கும் தெரியும். இனி நீ சும்மா இருந்தால் அதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு வேறு பெயர் வைப்பேன்.

உன் மச்சான்
அப்பாவு


திருவல்லிக்கேணி
6 ஆகஸ்ட் 1936

அன்பு மச்சானுக்கு,

பூவம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு குப்பத்துக்குப் புறப்பட்டுவிட்டாள். திருவிழா முடிந்து வருவாள் என்று நினைக்கிறேன். அவள் ஒரு மாதிரி சொல்வதற்குள் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

மினிட்ஸை வாசிக்கவே இல்லை. எல்லாருக்கும் அனுப்பியாயிற்று, வாசித்ததாக வைத்துக்கொள்வோம் என்றார் துரை. ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். கேட்டது உண்மை. நான் எழுந்தும்விட்டேன், மச்சான். நாற்காலி இழுபட்ட சத்தத்துக்கு எல்லாரும் திரும்பினார்கள். கடற்காற்றில் மேஜைமேல் காகிதங்கள் படபடத்துக்கொண்டிருந்தன. "ஜன்னல் சாத்தத்தானே, தேசப்பன்? நல்லது" என்றார் ரகுபதி. போய்ச் சாத்தினேன். கொண்டி சரியாக விழவில்லை, இரண்டாம் தரம் அழுத்த வேண்டியிருந்தது. திரும்பி வந்து உட்காரும்போது அடுத்த விஷயம் ஓடிக்கொண்டிருந்தது.

என் வேலை நிரந்தரமாயிற்று.

நிதானமாக யோசித்துப் பார். நம் ஆள் ஒருவன் உள்ளே நிலையாக இருந்தால்தானே நாளைக்கு எதையாவது செய்ய முடியும்? இருவரும் வெளியே நின்று யாருக்கு லாபம்? ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு சயன்ஸ் வாத்தியார் தேவைப்படுகிறார். தலைமையாசிரியர் ஹபீபுல்லா எனக்குத் தெரிந்தவர். உனக்காக எழுதுகிறேன்.

குப்பத்துக் கூட்டத்தில் மாலை விஷயம் வருகிறதாம். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் சரி என்று சொல்லிவிடு.

என்றும் அன்புள்ள
தேசப்பன்


திருவொற்றியூர்க் குப்பம்
11 ஆகஸ்ட் 1936

உதவி விரிவுரையாளர் தேசப்பன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் ஜன்னல் சாத்திய விவரம் அறிந்தேன்.

தாங்கள் என்று இதற்குமேல் எழுதக் கை வரவில்லை. நீ என்று சொல்லியே திட்டுகிறேன்.

முதல் தடவை நீ குப்பத்துக்காரனாகச் சும்மா இருந்தாய். இரண்டாம் தடவை காலேஜ்காரனாகச் சும்மா இருந்தாய். இந்த ஒரு மாதத்தில் அவர்களிடம் நீ படித்த படிப்பு இதுதான். நாளைக்குச் செய்வேன் என்கிறாய். நாளைக்கு ரகுபதி உன் கையில் பெயிண்ட் டப்பாவைக் கொடுப்பார். போடு தேசப்பன், நல்லது என்பார். எழுந்து நின்ற பிறகும் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தவன் வளையம் போடமாட்டானா? சரியாக விழாவிட்டால் இரண்டாம் தரம் அழுத்திப் போடுவாய்.

ராயபுரத்துப் பள்ளிக்கூடத்துக்கு நீ எழுத வேண்டாம். மூட்டை எண்ணுவது எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே பத்து மூட்டை இறங்கினால் பத்து என்றுதான் சொல்லவேண்டும்.

நேற்று அம்மன் கோயில் வாசலில் கூட்டம் நடந்தது. நம் குப்பத்திலிருந்து காலேஜில் நிரந்தரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள், அவனுக்கு மாலை போடுவது நமக்குப் பெருமை என்று திருமலை சொன்னார். இன்னா சொல்றீங்க என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். சரி, சரி, சரி என்று கடல்பக்கத்து வரிசை முடிந்தது. என் முறை வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

"இன்னா அப்பாவு, காதுல வுழலயா? உன் மச்சான்தானே?" என்றார். மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் புரிந்துவிட்டது. இங்கே ஒருவரும் பக்கத்தைத் திருப்பவில்லை. ஏன், என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அவன் வந்து சொல்வான் என்று மட்டும் சொன்னேன். பெண்கள் பக்கத்திலிருந்து பூவம்மா, "ஜன்னலச் சாத்தத் தெரிஞ்ச ஆளு, இங்க வந்து வாயத் தொறக்கட்டும்" என்றாள். ஜன்னல் என்ன ஜன்னல் என்று அவளைச் சுற்றிக்கொண்டார்கள். அவளும் அதற்குமேல் சொல்லவில்லை. இன்று விடிந்ததும் திருமலை என் வீட்டுக்கு வந்துவிட்டார். நாளையும் வருவார். பந்தல்கால் நடாமல் கிடக்கிறது.

நீ வா. கூட்டத்தின் நடுவில் நின்று பானைக் கதையையும் ஜன்னல் கதையையும் உன் வாயால் சொல். கேட்ட பிறகும் உன் கழுத்தில் மாலை போட இவர்களுக்குச் சரி என்றால், நானும் சரி என்பேன். உரக்கவே சொல்வேன்.

வரமுடியாது என்றால் அங்கேயே இரு. இங்கே மினிட்ஸ் எழுதுகிற வழக்கம் கிடையாது. ஒருமனதாக என்று உனக்காக எழுதிக் கொடுக்க ஆளும் இல்லை.

கூட்டம் இன்னும் கலையவில்லை.

அப்பாவு