டேங்கில் இருந்த பஞ்சு

டிசம்பர் 3, செவ்வாய்

நல்ல குளிர். கீசர் மறுபடி மக்கர். மாமாவுக்கு அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். க்ளவுஸ் இல்லாமல் ஸ்கூட்டியில் ஹடப்சர் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் விரல் விறைத்துவிட்டது. வாங்க வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்ததும் அந்த வாசம். வனிலா, சுட்ட சர்க்கரை, பால் ஏடு. பி. இழுக்கும் வேப்பின் வாசம், அந்த எலக்ட்ரானிக் சிகரெட். (என் வீட்டுக்காரர். பிரபு என்று முழுதாக எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. பி. போதும்.)

செருப்பைக் கழற்றாமல் நின்றேன். ஒரு நொடி, இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டாரே என்றுதான் தோன்றியது. பயம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

அக்டோபரில் டெங்கு. ஒரே வாரம். காய்ச்சல் என்று நடந்து போனவர் திரும்பி வரவில்லை.

மாமா டிவி முன்னால். பி.யின் அப்பா. ஏர்ஃபோர்ஸில் ரிடையர் ஆகி லோஹேகாவில் தனியாக இருந்தவர். காரியம் முடிந்ததிலிருந்து இங்கே வானவடியில், என்னோடு. எங்களுக்குள் பேச்சு என்றால் பால், மாத்திரை, கேஸ். அவ்வளவுதான்.

"ஏதாச்சும் வாசம் வருதுங்களா மாமா?"

"கீழ பேக்கரில பிஸ்கட் போடறான்" என்றார், திரும்பாமல்.

படுக்கப் போகும்போதுதான் உறைத்தது. பேக்கரி செவ்வாய்க்கிழமை லீவு.

டிசம்பர் 5, வியாழன்

மறுபடியும். இந்தத் தடவை பால்கனித் திரைச்சீலையில். மூக்கை வைத்துப் பார்த்தேன். அதே வாசம், ஆனால் அடியில் கருகல். பி. இருந்தபோது கருகல் இருந்ததில்லை.

அம்மா பொள்ளாச்சியிலிருந்து போன்.

"ஏங்கண்ணு, குரல் ஒரு மாதிரி இருக்குது?"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"மாப்பிள்ளைக்கு மனசு அடங்கலையாட்ட இருக்குது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடு சாமி. ஜனவரில அண்ணன் வந்து கூட்டிட்டு வந்துருவான். அதுவரைக்கும் தைரியமா இரு."

"மாமா?"

"அவிய மிலிட்டரில இருந்தவிய. பாத்துக்குவாங்க."

ஏர்ஃபோர்ஸ் என்று திருத்தவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

சாம்பிராணி போட்டேன். மாமா இருமி இருமிக் கண்ணெல்லாம் தண்ணீர். அணைத்துவிட்டேன். ரொம்ப நாளாகவே இருமுகிறாரோ? கவனிக்கவில்லை.

வாங்க: தோசை மாவு, க்ளவுஸ், மாமாவின் பிபி மாத்திரை.

ஆபீசில் யாரோ என் பின்னால் வந்து நின்ற மாதிரி. திரும்பினால் பிரிண்டர்.

டிசம்பர் 9, திங்கள்

ஆபீஸ் கட்டிடத்தில் தண்ணீர் வரவில்லை, மதியமே அனுப்பிவிட்டார்கள். வீடு வந்தேன். என் சாவியால் கதவைத் திறந்தேன்.

பால்கனியில் பி. உட்கார்ந்திருந்தார்.

முதுகுதான் தெரிந்தது. அந்தப் பச்சை ஸ்வெட்டர். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்த உட்காரல். தலைக்கு மேல் வெள்ளையாகப் புகை எழும்பி, கம்பியில் காயும் துண்டின் மேல் பட்டுக் கலைந்தது. வாசம் ஹால் வரைக்கும். பெயர் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கால் நகரவில்லை. நகர்ந்தால் போய்விடுவார் என்று நினைத்தேன்.

அப்போது இருமல். மாமாவின் இருமல்.

சத்தம் இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு கீழே வந்து பார்க்கிங் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். "க்யா ஹுவா மேடம், சாபி நஹி ஹை?" என்று வாட்ச்மேன் கேட்டார். சாவி இருக்கிறது என்று கையை விரித்துக் காட்டினேன்.

பயம் போய்விட்டது. அதற்குப் பதில் வந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. கோபம். பொறாமை. அவர் வேப்பை பீரோவில் அவர் சட்டைகளுக்கு அடியில் குக்கீஸ் டப்பாவில் வைத்திருந்தேன், இரண்டு மாதம் தொடாமல். அந்த வாசம் எனக்காகத்தான் வருகிறது என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை வேறு.

வழக்கமான நேரத்துக்கு மேலே போனேன். மாமா டிவி முன்னால். ஸ்வெட்டர் இல்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

மாமா பால் வாங்கப் போனதும் டப்பாவைத் திறந்தேன்.

வேப்பில் திரவம் ஊற்றும் டேங்க் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. கண்ணாடியைக் கழற்றினேன். நடுவில் ஸ்பிரிங் மாதிரி சுருட்டிய கம்பி, காயில் என்பார் பி., அதற்குள் பஞ்சு. திரவம் அந்தப் பஞ்சில் ஊறி, காயில் சூட்டில் ஆவியாக வேண்டும். திரவம் இல்லாமல் அழுத்தினால் எரிவது பஞ்சுதான். பஞ்சு கரியாகியிருந்தது. மாமாவுக்கு ஊற்றத் தெரியாது. இருந்தது தீர்ந்ததும் கரியை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். போன வருஷம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது. சிகரெட் புகை பக்கத்தில்கூட நிற்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பி. ஞாயிற்றுக்கிழமைகளில் டைனிங் டேபிளில் பரப்பி வைத்துக்கொண்டு இந்தப் பஞ்சை மாற்றுவார். நான் கீரை ஆய்வேன், அவர் பஞ்சு ஆய்வார். காயில் சுற்றும் கம்பிக்கு காந்தல் என்று பெயராம். எங்க ஊரில் காந்தல் என்றால் பாத்திரத்தில் அடிப்பிடிப்பது, இதை வாயில் வேறு வைக்கிறீங்களா என்று கேட்டதற்கு அன்று முழுக்கச் சிரித்தார்.

இப்போது டேங்க் முழுக்க எங்க ஊர்க் காந்தல்தான்.

டிசம்பர் 11, புதன்

மெடிக்கலில் சுருள் பஞ்சு வாங்கினேன். "காயத்துக்கா?" என்று கடைக்காரர் ஹிந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன்.

செய்து பார்த்தேன். பழையதை எடுக்கக் கை வரவில்லை, அது இருக்கப் புதுப் பஞ்சு காயிலுக்குள் நுழையவில்லை. இழுத்ததில் கம்பி கோணிவிட்டது. அழுகை.

நிகிலுக்கு மெசேஜ் போட்டேன். ஆபீசில் பி.யின் பக்கத்து சீட். ஞாயிறு வருகிறானாம்.

டிசம்பர் 15, ஞாயிறு

நிகில் வந்தான். மராத்திப் பையன், எங்களோடு ஹிந்தி. நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன். காரியத்துக்குப் பிறகு இப்போதுதான் வீட்டுக்கு வருகிறான். செருப்பு ஸ்டாண்டில் பி.யின் ஷூவைப் பார்த்துவிட்டுத் தன் ஷூவைத் தள்ளி வைத்தான்.

டப்பாவை டேபிளில் வைத்தேன். மாமா ஹாலில் பேப்பர்.

"யாருக்கு பாபி இது?" அண்ணி என்பதை அப்படித்தான் கூப்பிடுவான்.

"எனக்கு."

பேப்பர் மடங்கும் சத்தம். "நஹி பேட்டா. எனக்கு" என்றார் மாமா. எழுந்து வந்து என் எதிரே உட்கார்ந்தார். தமிழில், மெதுவாக: "நீ பாத்துட்டேன்னு தெரியும் கண்ணு. அன்னிக்குக் கீழ எட்டிப் பாத்தேன், உன் ஸ்கூட்டி நின்னுட்டிருந்துச்சு. நீ மேல வரல."

என்னால் நிமிர முடியவில்லை.

நிகில் டேங்கைக் கழற்றினான். இடுக்கியைக் கருகிய பஞ்சுக்குக் கொண்டுபோனபோது மாமா உள்ளங்கையால் மூடிவிட்டார்.

"அத எடுக்காத."

"அங்கிள், கருகிடுச்சு. இனி இதுல ஒண்ணும் வராது."

"அவன் கையால வெச்ச பஞ்சு பேட்டா. அவன் கடைசியா இழுத்தது அதுலதான்."

நிகில் என்னைப் பார்த்தான். எனக்கும் அந்தக் கையை விலக்க மனசில்லை. ஆனாலும் சொன்னேன். "மாமா, நீங்க இருமறது சுவத்துக்கு அந்தப் பக்கம் எனக்குக் கேக்குதுங்க. இன்னொருத்தரை ஆஸ்பத்திரில படுக்க வெச்சு வாசல்ல நிக்க என்னால ஆகாதுங்க மாமா."

அப்புறம் கையை எடுத்தார். இடுக்கியை வாங்கி அவரே எடுத்தார். பாதி வரும்போதே பொடியாக உதிர்ந்தது. பேப்பரில் விழுந்ததை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா பொட்டலமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நிகில்தான் வழி சொன்னான். இழுக்க வேண்டாம். கண்ணாடியும் மூடியும் இல்லாமல் காயில் இருக்கும் அடித்தட்டை மட்டும் வைத்து, டப்பாவில் இருக்கும் பாட்டிலிலிருந்து பஞ்சில் இரண்டு சொட்டு விட்டுப் பட்டனை அழுத்தினால் புகை தானாக மேலே வரும். வாசம் மட்டும் போதும்தானே?

மாமா தலையாட்டினார். "வாசம்தான் வேணும். ஜன்னல தொறந்து வெச்சுக்கறேன்."

எந்தக் காயில் என்பதுதான் பிரச்சினை. டப்பாவில் மூன்று வகை. பி. கடைசியில் எதைப் போட்டார் என்று நிகிலுக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. டேங்கில் இருந்ததை நான்தான் புதனன்று கோணலாக்கிவிட்டேன், கரியும் சேர்ந்து அடையாளம் தெரியவில்லை. சாதாக் காந்தல் கம்பி ஒன்று. ஸ்டீல் ஒன்று. தடிக் கம்பிமேல் மெல்லிசுக் கம்பி நெருக்கமாகச் சுற்றியது ஒன்று, கிட்டார் தந்தி மாதிரி. ஒவ்வொன்றுக்கும் சூடு வேறு, அதனால் வாசமும் வேறாம்.

மெடிக்கல் பஞ்சை ஒதுக்கிவிட்டான், மருந்து நெடி கலக்கும் என்று. பி. வைத்திருந்த ஜப்பான் பஞ்சில் பட்டையாகக் கிழித்து, மேல்தோலை உரித்து, நுனியைத் திரித்துக் காயிலுக்குள் விட்டான். "இழுக்கும்போது லேசா பிடிக்கணும் பாபி, ஆனா கம்பி நகரக் கூடாது. இறுக்கமா இருந்தா ஊறாது, கருகும். தளர்வா இருந்தா ஒழுகும்."

முதலில் சாதாக் கம்பி. புகை வந்தது. மாமா குனிந்தார். "சக்கரத் தண்ணி" என்றார். எனக்கும் அப்படித்தான்.

ஸ்டீல். இன்னும் மோசம். ஏதோ கடை வாசம்.

மூன்றாவதற்கு நான் பஞ்சு விட்டேன். நிகில் நுனியை வெட்டி, ஊசியால் பிரித்துவிட்டான். இரண்டு சொட்டு. அழுத்தினேன்.

வந்துவிட்டார்.

வேறு எப்படி எழுதுவது. பால் ஏடு, சர்க்கரை, அவர் காலர். கழுத்தோரம் என் மூக்கு இருக்கும் உயரம்கூடத் தெரிந்தது. நான் அசையவில்லை. நிகில் எழுந்து பாத்ரூம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டான். மாமா எழுந்து, திறந்து வைக்கிறேன் என்று சொன்ன அதே ஜன்னலை, பால்கனிக் கதவை, ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

டிசம்பர் 18, புதன்

கீசருக்கு ஆள் வந்தான். சரியாகிவிட்டது.

மாமாவின் இருமல் குறைந்திருக்கிறது. சாயங்காலம் ஒரு தடவை, டேபிளில், ஒரு சொட்டு. நான் பஞ்சு விடுகிறேன், அவர் பட்டன். இன்று அவரே கேட்டார், "அவன் ஆபீஸ்ல என்ன சாப்பிடுவான்?" சொன்னேன். ஒரு மணி நேரம் பேசியிருப்போம்.

"இந்தக் கருமத்தத் தூக்கிப் போடுடான்னு போன வருஷம் தீபாவளிக்கு எல்லார் முன்னாலயும் திட்டினேன் கண்ணு. எந்திரிச்சு மாடிக்குப் போய்ட்டான். திருப்பி ஒரு வார்த்த சொல்லல."

"உங்க மேல கோபமில்லீங்க மாமா. மாடில போய் இதத்தான் இழுத்துட்டு இருந்தார்."

சிரித்துவிட்டார். அக்டோபருக்குப் பிறகு முதல் சிரிப்பு.

பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான். நிகிலிடம் கேட்டேன். வேப் சாமான் எங்கும் விற்கக் கூடாது என்று தடை. அப்படியே கிடைத்தாலும் இந்த வாசம் வராதாம், பி. இரண்டு பாட்டிலைத் தன் கணக்கில் கலந்து வைத்திருந்தது. மாமாவிடம் சொன்னேன். "வேற எதுவும் வேண்டாம்" என்றார்.

டிசம்பர் 20, வெள்ளி

அண்ணன் போன். ஜனவரி இரண்டாவது வாரம் வருகிறானாம், எனக்கும் சேர்த்து டிக்கெட் போடட்டுமா என்று. சொல்கிறேன் என்றேன்.

மாமா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சாப்பிடும்போது, தட்டைப் பார்த்து: "நீ போம்மா. சின்ன வயசு. நான் லோஹேகாவ்ல தனியா இருந்தவன்தான."

ரசம் ஊற்றினேன்.

இரு என்றோ, இருக்கிறேன் என்றோ, இருவரில் ஒருவராவது வாயைத் திறந்து சொல்லலாம்.

டிசம்பர் 22, ஞாயிறு

பனி. பதினோரு மணி வரைக்கும் எதிர் பில்டிங் தெரியவில்லை.

பாட்டிலைக் கவிழ்த்தால் நான்கைந்து சொட்டு. நாளாக நாளாக வாசம் மாறிவிடுமாம். இன்றே முடித்துவிடலாம் என்று மாமாதான் சொன்னார். பகல் வெளிச்சத்தில். சமையலறை ஜன்னல் மட்டும் ஒரு விரல்கடை திறந்து வைத்தேன்.

புதுப் பஞ்சு. நன்றாகப் பிரித்து, மேல்தோல் உரித்து. இறுக்கமில்லை, தளர்வில்லை. நிகில் பார்த்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். எல்லாச் சொட்டையும் விட்டேன். ஊறுவதற்குக் காத்திருந்தோம்.

மாமா அழுத்தினார். கெட்டியாக எழும்பியது, ட்யூப்லைட் வரைக்கும்.

மாமா அதைப் பார்த்துப் பேசினார். சாதாரணமாக, போனில் பேசுகிற மாதிரி. "டேய் பிரபு, கீசர் சரியாயிருச்சு. வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டியாச்சு. உங்கம்மா போட்டோவ பெருசு பண்ணி மாட்டணும்னியே, மாட்டிர்றேன்." அப்புறம் பட்டனை என் பக்கம் நகர்த்தினார். உன் முறை என்கிற மாதிரி.

அழுத்தினேன். நான் என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாய் கேட்டது.

"ஏங்க, நான் போகட்டுமா, இருக்கட்டுமா?"

புகை மின்விசிறி இறக்கையில் மோதிப் பிரிந்தது. மெலிந்தது. ட்யூப்லைட் மறுபடி தெளிவாகத் தெரிந்தது. இன்னொரு தடவை அழுத்தினேன். கம்பி லேசாகச் சிவந்து, கருகல் வாசம் எட்டிப் பார்த்தது. மாமா என் விரலைப் பட்டனிலிருந்து எடுத்துவிட்டார்.

கையை விடவில்லை. டேபிளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இந்தக் குளிர் போகட்டும் கண்ணு. அப்புறம் பாத்துக்கலாம்."

அண்ணனுக்கு நாளைக் காலை போன். குளிர் போகட்டும் என்று சொல்ல வேண்டும்.